நாய் தூக்கத்தில் எங்கே ஓடுகிறது?

கவிதைகளுக்கும் வாழ்த்துரைகளுக்கும் நடுவில் நாயைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். நம் எலக்ட்ரானிக்ஸ் பாடமும் இதற்குள் வருகிறது.

நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பையன். ராத்திரி முழுக்க ஏரியில் இறால் பிடித்துவிட்டு விடியற்காலை கரை திரும்பும் எங்கள் ஆட்கள் பகலில்தான் தூங்குவார்கள். குப்பத்து நாய்களும் அப்படியே. மீன் ஏலம் முடிந்ததும், கழித்துப் போட்ட பொடி மீனைத் தின்றுவிட்டுக் கவிழ்த்த தோணியின் நிழலில் படுத்துவிடும். கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். நாலு காலும் ஓடுகிற மாதிரி உதறும். மீசை துடிக்கும். மூடிய வாய்க்குள்ளேயே ‘வுப், வுப்’ என்று ஒரு சின்னக் குரைப்பு. சில சமயம் குழந்தை மாதிரி முனகல். எங்க ஆயாவைக் கேட்டால், “அது கண்ணுக்கு எமன் தெரியறான்டா, தொந்தரவு பண்ணாதே” என்பார். அவர் சொன்ன காரணம் சரியில்லை. ஆனால் சொன்ன புத்தி சரி. அதற்குப் பிறகு வருகிறேன்.

1953-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய பேராசிரியர் நதானியல் கிளைட்மனும் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் விழிகள் சில சமயம் வேகமாக ஓடுகின்றன. அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொன்னார்கள். இதற்கு ‘ரெம்’ தூக்கம் என்று பெயர். நமக்கு ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை இது வந்து போகும். நாய்க்கு இன்னும் சீக்கிரம் வரும்.

சரி, கனவில் ஓடுகிறவன் ஏன் பாயை விட்டு எழுந்து ஓடுவதில்லை? இங்கேதான் பிரேக் வருகிறது. மூளைத் தண்டில் ‘பான்ஸ்’ என்று ஒரு பகுதி உண்டு. ரெம் தூக்கத்தின்போது கை கால் தசைகளுக்குப் போகும் கட்டளையைத் தடுக்கும் ஏற்பாடு அங்கிருந்துதான் தொடங்குகிறது. பிரான்ஸில் லியோன் நகரத்து விஞ்ஞானி மிஷேல் ஜூவே பூனைகளில் அந்த இடத்தைச் சேதப்படுத்திப் பார்த்தார். பூனைகள் தூக்கத்திலேயே எழுந்து, இல்லாத எலியைப் பதுங்கிப் பாய்ந்து தாக்கின! பிரேக் நன்றாக இருக்கும் நாயில் கொஞ்சம் மட்டும் கசிந்து வருவதுதான் நாம் பார்க்கும் உதறல். குட்டிகளிடம் இது இன்னும் அதிகம். மூச்சுக்கான உதரவிதானத்துக்கு பிரேக் கிடையாது, இருந்தால் செத்துப் போகும். காற்று வருகிறது, வாய் திறக்கவில்லை. அதனால்தான் குரைப்பு ‘வுப்’ என்று அமுங்கி வருகிறது.

இதையெல்லாம் எப்படி அளந்தார்கள்? நம் லேபில் பார்க்கிற டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபயர்தான். தலைத்தோலில் கிடைக்கும் மூளை மின்சாரம் சில பத்து மைக்ரோவோல்ட். 50 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால், ஒரு பென்டார்ச் செல்லின் 1.5 வோல்ட்டில் 30,000-ல் ஒரு பங்கு! அதன்மேல் சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரைச்சல் வேறு. இரண்டு உள்ளீட்டிலும் பொதுவாக வரும் இரைச்சலைக் கழித்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் பெருக்குவதால்தான் அந்தச் சின்ன அலை நமக்குத் தெரிகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் பெரிய, மெதுவான அலைகள். ரெம்மில் விழித்திருப்பது போலச் சின்ன, வேகமான அலைகள். கண் சேனல் துள்ளும். தசை சேனல் மட்டும் அநேகமாகத் தட்டை. நடுநடுவே உதறலுக்கு ஒரு முள்.

ஆனால் அது கனவுதான் என்று நாய் எழுந்து சொல்லுமா? சொல்லாது. அதற்கு எலி சாட்சி. 2001-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த மாத்யூ வில்சனும் கென்வே லூயியும், வட்டப் பாதையில் ஓடும் எலியின் மூளைச் செல்கள் எந்த வரிசையில் துடிக்கின்றன என்று பதிவு செய்தார்கள். பிறகு ரெம் தூக்கத்தில் அதே வரிசை திரும்ப ஓடியது. எலி தூக்கத்தில் பாதையின் எந்த இடத்தில் ‘இருக்கிறது’ என்றுகூடச் சொல்ல முடிந்தது. நாய் விஷயத்தில் ஹங்கேரியின் புடாபெஸ்ட் ஆராய்ச்சியாளர்கள் 2017-ல் வெளியிட்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. தெரிந்த கட்டளைகளுக்கு ஆங்கிலச் சொற்களைப் புதிதாகக் கற்றுக்கொடுத்துவிட்டு நாய்களைத் தூங்கவிட்டார்கள். பாடம் இல்லாத நாளைவிட அன்று மூளை அலைகள் மாறியிருந்தன. தமிழ் மீடியத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்த நமக்கு அந்த நாய்களின் கஷ்டம் புரியும்!

இப்போது நம் ஊருக்கு வருவோம். வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான் என்பதால் குப்பத்தில் எதற்கும் என்னைக் கேட்கிறார்கள். போன மழைக்காலத்தில் வலைக் குவியல் பக்கத்தில் ஒரு நாய் உதறி உறுமிக்கொண்டு கிடந்தது. “வெறி பிடிச்சிருச்சு” என்று நாலு பேர் கட்டையை எடுத்துவிட்டார்கள். சத்தத்தில் அது விழித்து, எல்லோரையும் பார்த்து வாலை ஆட்டியது. வெறி பிடித்த நாய் எச்சில் ஒழுக்கும், தாடை தொங்கும், விழுங்க முடியாமல் திணறும். தூக்கத்தில் மட்டும் உதறுவது வெறி அல்ல. வலிப்பு வேறு: உடம்பு விறைக்கும், ஒரே தாளத்தில் வெட்டி இழுக்கும், சிறுநீர் போய்விடும், கூப்பிட்டாலும் உணர்வு இருக்காது. விழித்த பிறகும் உதறல் நிற்காவிட்டால் டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் கால்நடை ஆஸ்பத்திரிதான், கட்டை அல்ல.

இன்னொன்று. பக்கத்து வீட்டுப் பாப்பா, முனகும் நாயைப் பாவம் என்று தடவப் போய்க் கையில் கடி வாங்கியது. கனவிலிருந்து திடுக்கிட்டு எழுகிற நாய்க்கு யார் தொட்டது என்று தெரியாது. அவர்கள் காயத்தில் மஞ்சளை அப்பிவிட்டு, “தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்க, குழந்தை தாங்காது” என்று ஒரு நாள் தள்ளிப்போட்டார்கள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பே 2004 இறுதியில் இந்தியாவில் நின்றுவிட்டது. இப்போது கையில்தான் ஊசி. கடித்த அன்றே ஆரம்பித்து, டாக்டர் சொல்கிற நாட்களில் நாலைந்து தவணை. அரசு மருத்துவமனையில் காசு வாங்குவதில்லை. அதற்கு முன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளும் மிளகாய்ப் பொடியும் வேண்டாம். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற முடியாது என்பதால் அந்த ஒரு நாள் ரொம்பப் பெரிய நாள். பாப்பா மறுநாள் ஊசி போட்டுக்கொண்டு இப்போது நன்றாக இருக்கிறது.

தூங்கும் நாயை எழுப்பியே ஆக வேண்டுமென்றால், தோணியைத் தள்ளுகிற நேரமென்று வையுங்கள், நாலடி தள்ளி நின்று கூப்பிடுங்கள். எங்கள் நாய்களுக்குப் பெயர் கிடையாது. “தோ... தோ...” என்றாலே ஒரு காது எழும்பும்.