குரல் கொடுத்த அக்கா

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. நூறு ஆண்டுக்கு மேல் இங்கே பூமிக்கு அடியில் தங்கம் எடுத்தார்கள். சுரங்க வேலைக்காக வட ஆற்காடு பக்கமிருந்து பல குடும்பங்கள் வந்தன. அவர்களின் பேரப் பிள்ளைகள் நாங்கள். 2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. பழைய லைன் வீடுகளில் இன்னும் நாங்கள் வசிக்கிறோம்.

எங்கள் லைனில் ஓர் அக்கா இருக்கிறார். அவருக்கு வயது 41. இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இரண்டு கால்களும் நடக்காது. சிறு வயதில் அம்மா அவரைப் பள்ளிக்குத் தூக்கிப் போனார். அக்கா வளர்ந்தார். அம்மாவால் தூக்க முடியவில்லை. படிப்பு நின்றது.

போன வருடம் அவர் வீட்டுத் திண்ணையிலேயே எழுத்தறிவு வகுப்பு வைத்தோம். நான் அங்கே தொண்டர். அக்கா எட்டு மாதத்தில் படிக்கக் கற்றார். மெதுவாகப் படிப்பார். ஆனால் பிழை இல்லாமல் படிப்பார்.

ஒரு நாள் ஊர் வேலைக்குத் தொண்டர் பட்டியல் எழுதினேன். 12 பேர் சேர்ந்தார்கள். அக்கா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, என் பேரு எங்கே?" என்று கேட்டார்.

"இது அலையிற வேலை, அக்கா. உங்களால முடியாது" என்றேன்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்:

"எனக்குத் தண்ணி பிடிச்சுத் தர்றாங்க. கடைக்குப் போயிட்டு வர்றாங்க. எல்லாரும் எனக்குச் செய்யறாங்க. நான் யாருக்கு என்ன செய்யறேன், தம்பி?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரால் என்ன முடியாது என்று நானே முடிவு செய்துவிட்டேன். என்ன முடியும் என்று கேட்கவே இல்லை.

மறுநாள் என் செல்பேசியோடு போனேன். அதில் 'காமன் வாய்ஸ்' என்ற இணையப் பக்கத்தைக் காட்டினேன். பொதுக் குரல் என்பது இதன் பொருள். மொசில்லா என்ற அமைப்பு 2017-ல் இதைத் தொடங்கியது. இதில் தமிழும் உண்டு.

"இது எதுக்கு, தம்பி?"

"அக்கா, கண் தெரியாதவங்க, கை எழுத முடியாதவங்க செல்பேசியில பேசுவாங்க. பேசினதை அது எழுத்தா மாத்தும். அதுக்கு முதல்ல மனுசங்க குரலைக் கேட்டு அது பழகணும். ஆண் குரல், பெண் குரல், வயசானவங்க குரல், ஊர் ஊரான பேச்சு எல்லாம் வேணும்."

"நம்ம ஊர் பேச்சுமா?"

"நம்ம ஊர் பேச்சும்தான்."

திரையில் ஒரு வாக்கியம் வரும். அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். செல்பேசி பதிவு செய்யும். ஒரு தடவைக்கு ஐந்து வாக்கியம். அக்கா முதல் வாக்கியத்தை நான்கு முறை படித்தார். ஒரு முறை நாக்குப் புரண்டது. ஒரு முறை குக்கர் விசில் அடித்தது. நான்காவது முறை சரியாக வந்தது.

இன்னொரு வேலையும் உண்டு. மற்றவர்கள் படித்ததைக் கேட்டு, சரியா தவறா என்று சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் படித்ததை அக்கா கேட்டார். திடீரென்று சிரித்தார்.

"கடையில புலி வாங்கினாராம், தம்பி! இங்கே புளின்னு போட்டிருக்கு."

தவறு என்று குறித்தார். போன வருடம் ல, ள குழம்பிய அதே அக்கா!

இப்போது தினமும் மாலை அரை மணி நேரம் இந்த வேலை செய்கிறார். நான் பழைய பட்டியலை எடுத்துக் கொடுத்தேன். 13-வது பெயரை அக்காவே எழுதினார்.

வேறு என்ன செய்யலாம்?

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2 கோடியே 68 லட்சம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். அவர்கள் உதவி பெறுபவர்கள் மட்டும் அல்ல. உதவி செய்யவும் முடியும். வீட்டிலிருந்தே செய்யும் தொண்டுகள் பல உண்டு.

1. கண் தெரிந்தவர்: 'பீ மை ஐஸ்' என்ற செயலியில் சேரலாம். டென்மார்க் நாட்டில் பார்வை குறைந்த ஒருவரின் யோசனை இது. 2015-ல் வந்தது. பார்வை இல்லாதவர் இதன் வழியாக அழைப்பார். அவர் கேமராவில் காட்டுவதைப் பார்த்து நாம் சொல்ல வேண்டும். "இந்தச் சட்டை என்ன நிறம்? பால் பாக்கெட்டில் என்ன தேதி?" என்று கேட்பார். தொண்டர்கள் நிறைய இருப்பதால் அழைப்பு அடிக்கடி வராது. பொறுமை வேண்டும்.

2. காது கேளாதவர்: 'விக்கிமூலம்' என்ற இணைய நூலகத்தில் பிழை திருத்தலாம். ஒரு பக்கம் பழைய புத்தகத்தின் படம் இருக்கும். மறு பக்கம் எழுத்து இருக்கும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் சரிபார்ப்பார்.

3. பார்வை இல்லாதவர்: திரையில் உள்ளதைச் செல்பேசியே வாசித்துக் காட்டும் வசதி உண்டு. அதைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதலாம்.

கவனம்!

• உண்மையான தொண்டுக்குச் சேர்க்கைப் பணம் இல்லை. பணம் கேட்டால் விலகுங்கள்.

• வங்கி எண், ஓடிபி எண் ஆகியவற்றை யாருக்கும் சொல்லாதீர்கள்.

• காமன் வாய்ஸில் கொடுத்த குரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அதற்குச் சம்மதம் என்றால் மட்டும் கொடுங்கள்.

• முதல் முறை, விவரம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து பேசுவோம்

1. தொண்டர் செய்த தவறு என்ன?

2. உங்கள் தெருவில் வெளியே வர முடியாதவர் யார்? அவரால் என்ன முடியும் என்று கேட்டிருக்கிறீர்களா?

சத்தமாகப் படிப்போம்

புலி – புளி

பல்லி – பள்ளி

வலி – வழி

விலை – விளை

எழுதுவோம்

என்னால் செய்ய முடிந்த ஒரு தொண்டு: ....................