காவல் நாயும் வெறிநோயும்

கோவில்பட்டிக் கரிசற்காட்டில் ஆட்டுக்கிடைக்குக் காவலாகச் சிப்பிப்பாறை நாய் வளர்க்கும் குடியானவர்கள், குட்டிக்கு மூன்று மாதமானதும் கால்நடை மருந்தகத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போடுவித்து, வருஷந்தோறும் புதுப்பித்தல் அவசியம். அழைத்தால் வரவும், அதட்டினால் நிற்கவும் பழக்கினாற் போதும். அடித்து வளர்த்த நாயை நம்பலாகாது.

நாய் கடித்த இடத்தில் சுண்ணாம்போ மிளகாய்ப்பொடியோ அப்புவது பெருந்தீங்கு. உடனே சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் ஜலம் விட்டுக் கழுவுக. கோடையில் குடத்து நீரானாலும் தயங்கற்க. அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்க. குன்னூர்ப் பாஸ்டர் நிலையம் 1907-இல் ஏற்பட்டபோது நோயாளிகள் மலையேற வேண்டியிருந்தது. வயிற்றில் ஊசி போட்ட காலமும் போயிற்று. இப்போது புஜத்திலேயே போடுகிறார்கள். இரத்தங்கசிந்த காயமாயின், காயத்தைச் சுற்றிச் செலுத்தும் சீரத்தையும் கேட்டுப் பெறுக. நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைப்பது மிக அரிது. ஆதலால், நாய் பத்து நாள் பிழைத்திருக்கிறதா பார்ப்போமென்று ஊசியைத் தள்ளிப்போடலாகாதெனக் கிராம நிர்வாக அலுவலர்கள் ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.