பார்த்தது பாடமாகுமா?

மாணவ நண்பர்களே, இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்கும் முன் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக் கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு சிறு கேள்வி காத்திருக்கிறது.

ஒரு பந்தை நேர் மேலே எறிகிறீர்கள். அது கையை விட்டு மேலே போகிறது, உச்சியைத் தொடுகிறது, பிறகு கீழே விழுகிறது. மேலே போகும்போது, உச்சியில் இருக்கும்போது, கீழே வரும்போது என மூன்று நிலைகளிலும் பந்தின் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் வரையுங்கள். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வரைந்து முடித்த பிறகே அடுத்த பத்திக்கு வாருங்கள்.

வரைந்து விட்டீர்களா? மேலே போகும் பந்துக்கு மேல் நோக்கி ஓர் அம்பு போட்டிருக்கிறீர்களா? உச்சியில் மேலும் கீழுமாக இரண்டு சமமான அம்புகள் வரைந்திருக்கிறீர்களா? அப்படியானால் வெட்கப்பட வேண்டியதில்லை. பல்கலைக் கழகத்தில் இயற்பியல் படிப்பவர்களில் பலரும் அப்படித்தான் வரைகிறார்கள். சரியான விடை மிக எளியது. மூன்று நிலைகளிலும் ஒரே ஓர் அம்புதான், அது கீழ் நோக்கியது, அளவும் ஒன்றே. அதுவே புவியீர்ப்பு விசை. கையின் விசை பந்து கையை விட்ட அக்கணமே முடிந்து விட்டது. பந்திடம் எஞ்சியிருப்பது திசைவேகம் மட்டுமே. திசைவேகம் என்பது விசை அன்று.

இப்பொழுது நம் கட்டுரையின் பொருளுக்கு வருவோம். இந்தப் பாடத்தை விளக்கும் சிறு வீடியோக்கள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. தேர்வு நெருங்கும் போது ஒரே மாலையில் பத்து வீடியோக்களைப் பார்த்து முடித்து, “எல்லாம் புரிந்து விட்டது” என்று நிம்மதியாகப் படுக்கச் செல்பவர்கள் பலர். மறுநாள் வினாத்தாளைக் கண்டதும் கை நின்று விடுகிறது! நேற்று அவ்வளவு தெளிவாக இருந்தது இன்று எங்கே போயிற்று?

தெளிவான பாடம் செய்த ஏமாற்றம்

ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக் கழகத்தில் டெரக் முல்லர் என்னும் ஆய்வாளர் இக்கேள்வியைச் சோதனைக்கு உட்படுத்தினார். அவரது ஆய்வு முடிவுகள் 2008-ஆம் ஆண்டில் வெளிவந்தன. நியூட்டனின் விதிகளைப் பற்றிச் சிறு வீடியோக்களை அவர் வெவ்வேறு விதமாகத் தயாரித்தார். ஒன்றில் பிழையற்ற, தெளிவான விளக்கம் மட்டுமே இருந்தது. மற்றொன்றில் ஒரு மாணவர் தம் தவறான கருத்தைச் சொல்கிறார். ஆசிரியர் அதை எடுத்து ஆராய்ந்து, எங்கே தவறு என்று காட்டுகிறார். வீடியோ பார்ப்பதற்கு முன்பும் பின்பும் மாணவர்களுக்குத் தேர்வு வைக்கப்பட்டது.

முடிவு வியப்பானது. தெளிவான விளக்கத்தை மட்டும் பார்த்தவர்களின் மதிப்பெண் பெரிதாக உயரவில்லை. தவறான கருத்தையும் சேர்த்துக் கேட்டவர்களே அதிகம் முன்னேறினார்கள்; ஆனால் அவர்கள் மூளையை அதிகமாக வருத்திக் கொள்ள வேண்டியிருந்தது.

காரணம் என்ன? நம் மனம் வெற்றுப் பலகை அன்று. “பந்து மேலே போகிறது என்றால் மேல் நோக்கி ஒரு விசை இருக்கத்தான் வேண்டும்” என்ற எண்ணம் அங்கே முன்பே குடியிருக்கிறது. தெளிவான விளக்கத்தைக் கேட்கும்போது, “இது எனக்குத் தெரிந்ததுதானே!” என்று மனம் தலையாட்டி விடுகிறது. தன் எண்ணத்துக்கும் ஆசிரியர் சொல்வதற்கும் உள்ள முரண்பாட்டை அது கவனிப்பதே இல்லை. பழைய எண்ணம் அசையாமல் அப்படியே இருந்து விடுகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் உங்களை முதலில் வரையச் சொன்னது இதற்காகத்தான். தவறு தாளில் ஏறிய பிறகு அதை மறைக்க முடியாது அல்லவா?

இருபது முறை பார்த்தால்?

“ஒரு முறை பார்த்தால் போதாது, திரும்பத் திரும்பப் பார்ப்பேன்” என்று நீங்கள் சொல்லலாம். அதற்கும் ஒரு சோதனை உண்டு. சிக்காகோ பல்கலைக் கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டது இது. இலக்குப் பலகையில் சிறு அம்பு எறியும் விளையாட்டை வீடியோவில் சிலருக்கு ஒரே ஒரு முறையும் மற்றும் சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். பிறகு, “நீங்கள் எறிந்தால் எத்தனை புள்ளிகள் எடுப்பீர்கள்?” என்று கேட்டார்கள். இருபது முறை பார்த்தவர்கள் தாங்கள் கூடுதலாக எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். எறிந்து பார்த்தபோதோ, ஒரு முறை பார்த்தவர்களை விட அவர்கள் எந்த வகையிலும் மேலாக இல்லை! ஆக, வளர்ந்தது திறமை அன்று, நம்பிக்கை மட்டுமே. அம்பின் எடை, விரலின் பிடி, விடும் கணம் ஆகியவற்றைக் கண்ணால் மட்டும் பார்த்துத் தெரிந்து கொள்ள முடியாது.

கணக்குப் பாடமும் இத்தகையதே. இருபடிச் சமன்பாட்டை ஒருவர் திரையில் தீர்ப்பதைப் பார்க்கையில், அடுத்த வரி என்ன என்று முடிவு செய்யும் வேலை உங்களுக்கு இல்லை. தேர்வு அறையில் அந்த வேலைதான் உங்களுடையது.

சிறியது ஏன் நல்லது?

அப்படியானால் வீடியோவே வேண்டாமா? அவசரப்படாதீர்கள். இதயத்தின் வால்வுகள் திறந்து மூடுவதையும் செல் பிளவுபடுவதையும் அசையாத படத்தால் காட்ட முடியாது. குறை வீடியோவில் இல்லை. பார்க்கும் முறையில்தான் இருக்கிறது.

புதிய செய்தியை நாம் முதலில் தாங்கிக் கொள்வது “செயல் நினைவு” என்னும் மூளையின் செயல்பாட்டால். அது ஒரே நேரத்தில் ஒரு சில புதிய செய்திகளை மட்டுமே பிடித்து வைக்கும். குறுகிய கழுத்துள்ள புட்டியில் எண்ணெய் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மெல்ல ஊற்றினால் உள்ளே போகும்; அவசரமாகக் கொட்டினால் வெளியேதான் வழியும். பாடத்தைச் சிறு துண்டுகளாக்குவதன் பயன் இதுவே.

ஆனால் துண்டாக்கினால் மட்டும் போதுமா? ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளியாயிற்று. புள்ளியியல் பற்றிய 21 நிமிட வீடியோ ஒன்று எல்லா மாணவர்களுக்கும் நான்கு துண்டுகளாகக் காட்டப்பட்டது. ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒவ்வொரு துண்டு முடிந்ததும் அதிலிருந்து சில கேள்விகள் கேட்கப்பட்டன. இடையிடையே, “இப்போது உங்கள் மனம் பாடத்தில் இருக்கிறதா?” என்றும் விசாரித்தார்கள். கேள்விகளுக்கு விடையளித்து வந்த பிரிவினரின் மனம் வேறெங்கோ அலைந்தது மற்றவர்களை விட ஏறத்தாழப் பாதி அளவே. குறிப்பெடுத்ததிலும் இறுதித் தேர்விலும் அவர்களே முன்னால் நின்றார்கள். ஆக, பயன் துண்டில் மட்டும் இல்லை. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே நீங்கள் செய்யும் வேலையில் இருக்கிறது.

குழந்தை முதல் உழவர் வரை

இது மாணவர்களுக்கு மட்டும் பொருந்தும் உண்மையா? இரண்டு உதாரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, கைக்குழந்தைகள். அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். அது 2003-இல் வெளிவந்தது. சில குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் அமர்ந்து, படித்துக் காட்டியும் பொம்மைகளைக் காட்டியும் விளையாடினார்கள். வேறு சில குழந்தைகளுக்கு அதே மனிதர்கள் வீடியோவில் தோன்றினார்கள். 12 அமர்வுகளுக்குப் பின், நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளின் வேறுபாட்டை உணர்ந்தன. வீடியோவில் கண்ட குழந்தைகள் அவ்வாறு உணரவில்லை. குழந்தை சிரித்தால் சிரிக்கவும், அது பார்க்கும் பொருளைத் தானும் பார்க்கவும் திரைக்குத் தெரியாதே!

இரண்டாவது, நம் நாட்டு உழவர்கள். 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை இந்தியாவில் ஒரு மாபெரும் சோதனை நடந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 என்னும் செயற்கைக் கோளின் துணையால், ஆறு மாநிலங்களில் சுமார் 2400 கிராமங்களில் கல்வித் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. கம்பி வலையால் ஆன மூன்று மீட்டர் அகல அலைவாங்கிகள் கிராமங்களில் நிறுவப்பட்டன. காலையில் பள்ளிச் சிறுவர்களுக்கு ஒவ்வொரு மொழியிலும் 22½ நிமிடம். மாலையில் வேளாண்மை, உடல்நலம் பற்றிப் பெரியவர்களுக்கு. தொலைக்காட்சியையே கண்டிராத ஊர்களுக்கு அது பெரும் வாய்ப்பு. ஆயினும் அதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வானிலிருந்து வரும் படம் யாருக்காகவும் நிற்காது. “சற்றுப் பொறுங்கள், எனக்குப் புரியவில்லை” என்று செயற்கைக் கோளிடம் சொல்ல முடியுமா?

முப்பது ஆண்டுகளுக்குப் பின் கர்நாடகக் கிராமங்களில் ‘டிஜிட்டல் கிரீன்’ என்னும் திட்டம் வேறு வழியில் சென்றது. அப்பகுதி உழவர்களையே நடிக்கச் செய்து சிறு வீடியோக்கள் எடுத்தார்கள். மாலையில் ஊர்க்காரர்கள் சிறு குழுவாக அமர்ந்து பார்க்க, உள்ளூர்க்காரர் ஒருவர் கருவியின் அருகில் நின்றார். அவர் முக்கியமான இடங்களில் படத்தை நிறுத்தி, கேள்வி கேட்டு, விவாதம் நடத்தினார். சுமார் 20 கிராமங்களில் 13 மாதங்கள் நடந்த இந்த முயற்சியின் விவரம் 2009-இல் வெளியானது. வழக்கமான நேரடி வேளாண் விளக்க முறையைக் காட்டிலும் ஆறேழு மடங்கு அதிகமாகச் சில புதிய முறைகள் கடைப்பிடிக்கப்பட்டன என்று அது கூறுகிறது. வீடியோவும் மனிதரும் சேர்ந்து பெற்ற வெற்றி இது!

நான்கு பழக்கங்கள்

உங்கள் அருகில் அப்படி ஒருவர் எப்போதும் இருக்க மாட்டார். எனவே அவருடைய வேலையை நீங்களே செய்ய வேண்டும்.

ஒன்று: வீடியோவைத் தொடங்கும் முன், அந்தத் தலைப்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை மூன்று வரிகளில் எழுதுங்கள். தவறாக இருந்தாலும் எழுதுங்கள்.

இரண்டு: கணக்கோ சோதனையோ வரும் இடத்தில் படத்தை நிறுத்தி விட்டு, அடுத்து என்ன நடக்கும் என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். பிறகு ஓட விடுங்கள்.

மூன்று: ஐந்தாறு நிமிடங்களுக்கு ஒரு முறை நிறுத்தி, திரையைப் பார்க்காமல் கேட்டதைச் சொல்லிப் பாருங்கள். வீட்டில் தம்பி தங்கையர் இருந்தால் அவர்களுக்கே சொல்லிக் கொடுங்கள்.

நான்கு: மறுநாளும் மறுவாரமும் வீடியோவைத் திறவாமல் நினைவிலிருந்து எழுதுங்கள்.

நான்காவதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பிரிவினர் ஓர் உரைநடைப் பகுதியை இரண்டு முறை படித்தார்கள். மற்றொரு பிரிவினர் ஒரு முறை படித்து, பிறகு பாராமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது இரு முறை படித்தவர்கள் 81 விழுக்காடும் மற்றவர்கள் 75 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழ்! இரு முறை படித்தவர்கள் 42 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடு.

நீங்களும் சோதித்துப் பாருங்கள்

எட்டு நண்பர்கள் சேருங்கள். இன்னும் வகுப்பில் நடத்தாத பாடத்தில் பத்து நிமிட வீடியோ ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சீட்டுக் குலுக்கி நால்வர் நால்வராகப் பிரியுங்கள். முதல் குழு வீடியோவை இரண்டு முறை பார்க்கட்டும். இரண்டாம் குழு ஒரு முறை பார்த்து விட்டு, அடுத்த பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதட்டும். “ஒரு வாரம் கழித்துப் பத்துக்கு எத்தனை எடுப்பீர்கள்?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்து வையுங்கள். ஒரு வாரத்துக்குப் பின் அறிவியல் ஆசிரியர் தரும் ஒரே பத்துக் கேள்விகளுக்கு எல்லோரும் விடை எழுதட்டும். எதிர்பார்த்த மதிப்பெண்ணையும் கிடைத்த மதிப்பெண்ணையும் அட்டவணையில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். எட்டுப் பேரை வைத்து முடிவு கட்டி விடாதீர்கள். வேறு பாடத்தில், குழுக்களை மாற்றி, மீண்டும் செய்யுங்கள்.

இறுதியாக ஒன்று. மேலே உள்ள பத்திகளைத் திரும்பிப் பார்க்காமல், உச்சியில் இருக்கும் பந்தின் மேல் செயல்படும் விசையை இப்பொழுது வரையுங்கள். அடுத்த வாரம் இதே நாளில் இன்னொரு முறை வரையுங்கள். அப்போதும் ஒரே ஓர் அம்பு கீழ் நோக்கி இருந்தால், நீங்கள் படித்தது பாடமாகி விட்டது என்று பொருள்.