ஒரு மூச்சுக்கு ஏழு சீர்

அன்பு மருமகனுக்கு,



உன் உம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது நீ இடையில் போனை வாங்கி ஒன்று கேட்டாய். "ஓடி முடிச்சு வாந்தி வராட்டா அன்னைக்கு ஓடுனது கணக்குலயே சேராதுன்னு கிரவுண்டுல அண்ணன்மாரு சொல்றாங்க. நெசமா மாமா?"

பொய். அன்றே அந்த ஒரு சொல்லோடு முடித்திருக்கலாம். ஆனால் இந்தப் பொய்யை நம்பி எத்தனை பிள்ளைகள் காலையும் மனத்தையும் கெடுத்துக்கொண்டு பாதியில் விட்டார்கள் என்பதைப் பார்த்தவன் நான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உன் நிலவரம் இது. காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். நீ தினமும் விடியலில் மைதானத்துக்குப் போய், ஸ்டாப்வாட்சை அமுக்கி, முழு 1500 மீட்டரையும் உயிரைக் கொடுத்து ஓடுகிறாய். ஒரு மாதமாக 7:20-க்குக் கீழே இறங்கவில்லை. முன்னெலும்பில் வலி வேறு. "இன்னும் முக்கணும் போல" என்கிறாய். தினமும் பரீட்சை எழுதுகிற பிள்ளை எப்போது பாடம் படிக்கும்?

உன் அண்ணன்மார் இந்த வாந்திக் கணக்கை எங்கிருந்து எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியும். மில்கா சிங் படம். அவர் ரத்தம் கக்கும் அளவுக்குப் பயிற்சி செய்ததாகத் தம் வாயாலேயே சொல்லியிருக்கிறார், நான் மறுக்கவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் நான்காவதாக வந்த அவரது ஓட்டம் 38 ஆண்டுகள் இந்தியச் சாதனையாக நின்றது. அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கும் மரியாதை பெரிது. ஆனால் அவர் ஓடியது 400 மீட்டர், முக்கால் நிமிடத்தில் முடிகிற ஓட்டம். ராணுவத்தில் சேர்ந்து, வேளாவேளைக்குச் சாப்பாடும் ஓய்வும் கிடைத்து, ஓடுவதையே வேலையாகக் கொண்டவர். நீ காலையில் ஓடிவிட்டு, பகலெல்லாம் கடையில் நின்று, ராத்திரி பொது அறிவுப் புத்தகத்தோடு உட்காருகிறவன். அவர் பட்ட வேதனையை மட்டும் கடன் வாங்கினால் உனக்கு என்ன கிடைக்கும்?

அதே ரோம் ஒலிம்பிக்கில் நடந்த இன்னொன்றை எந்தப் படமும் உனக்குக் காட்டவில்லை. செப்டம்பர் 2-ஆம் தேதி, சுமார் ஒரு மணி நேர இடைவெளியில், நியூசிலாந்துக்காரர்கள் இருவர் தங்கம் வென்றார்கள். பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில், மரே ஹால்பெர்க் 5000 மீட்டரில். இருவருக்கும் ஒரே பயிற்சியாளர், ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். பல்கலைக்கழகம் அவருக்குச் சொல்லித் தரவில்லை, தன் உடம்பிலேயே ஆண்டுக்கணக்கில் சோதித்துக் கண்டுபிடித்தார். 800 மீட்டர் ஓடுகிற ஸ்னெல்லை ஞாயிற்றுக்கிழமைதோறும் மலைப்பாதையில் 35 கிலோமீட்டர் ஓடவிட்டார். பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்திலிருந்து தொடங்கி, வாரக்கணக்கில் அடித்தளம் போட்டார். அதற்குப் பிறகுதான் வேகப் பயிற்சி, அதுவும் அளவாக. லிடியார்டைப் பற்றிப் படித்த பிறகு நான் யாருக்கும் தினமும் முக்கி ஓடும் பழைய முறையைச் சொன்னதில்லை.

இது ஏன் உனக்குப் பொருந்தும்? 1500 மீட்டரை நல்ல ஓட்டக்காரர்கள் நான்கு நிமிடத்துக்குள் ஓடுகிறார்கள். அவர்களுக்கே அந்த ஓட்டத்துக்கான சக்தியில் ஐந்தில் நான்கு பங்கு மூச்சுக்காற்றின் உதவியால்தான் கிடைக்கிறது. ஏழு நிமிடம் ஓடப்போகிற உனக்கு அந்தப் பங்கு இன்னும் கூடும். ஆக நீ வளர்க்க வேண்டியது வலியைத் தாங்கும் வீம்பை அல்ல. தசைக்குள் ரத்தம் போகிற நுண்குழாய்களையும், அங்கே ஆக்சிஜனைப் பயன்படுத்திச் சக்தி எடுக்கிற மைட்டோகாண்ட்ரியாவையும் வளர்க்க வேண்டும். அவை பெருக நீண்ட நேர மெது ஓட்டம் போதும். அதைச் செய்துவிட்டு மறுநாளும் எழுந்து ஓடலாம் என்பதுதான் அதன் பெரிய லாபம். தினமும் முக்கி ஓடுகிறவன் உண்மையில் கடுமையாகவும் ஓடுவதில்லை. முந்தின நாள் அசதி தீராததால் எல்லா நாளும் ஒரே அரைகுறை வேகம். உன் 7:20 அங்கேதான் சிக்கிக்கொண்டிருக்கிறது.

மெது என்றால் எவ்வளவு மெது? இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. தமிழ் வாத்தியாராக இருந்துகொண்டு பள்ளிக்கூட விளையாட்டையும் கவனித்த எனக்கு, பாடத்திலிருந்தே ஓர் அளவுகோல் கிடைத்தது.

குறளுக்கு ஏழு சீர். முதலடியில் நான்கு, இரண்டாமடியில் மூன்று. ஓடிக்கொண்டே ஒரு குறளை வாய்விட்டுச் சொல். மனசுக்குள் சொல்லக் கூடாது, பக்கத்தில் ஓடுகிறவனுக்குக் கேட்க வேண்டும். ஏழு சீரும் ஒரே மூச்சில் வந்துவிட்டால் அது மெது ஓட்டம். நான்கு சீர் சொல்லி, ஒரு மூச்சு வாங்கி, மிச்சம் மூன்றைச் சொன்னால் நடு ஓட்டம். சீருக்குச் சீர் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் கடும் ஓட்டம். ஒரு சீரும் வாயில் வராத ஓட்டம் ஒன்று இருக்கிறது, அது தேர்வின் கடைசி 200 மீட்டருக்கு மட்டும்.

காரணம் எளிது. மூச்சை வெளியே விடும்போதுதான் பேச முடியும். வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் உடம்பு கரியமில வாயுவை அவசர அவசரமாக வெளியேற்றத் தொடங்குகிறது. அப்போது பேச்சுக்கென்று மூச்சை நீட்டிப் பிடிக்க அது விடாது. அந்த எல்லை ஆளுக்கு ஆள் வேறு, ஒரே ஆளுக்கும் நாளுக்கு நாள் வேறு. நாக்கு அதை அன்றன்றைக்குச் சொல்லிவிடும்.

ஏன் குறள் என்று கேட்பாய். மற்றதையெல்லாம் நான் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஆசிரியப்பா நான்கு நான்கு சீராகப் போய்க்கொண்டே இருக்கும், எங்கே நிறுத்தி அளப்பது என்று பிடிபடாது. நேரிசை வெண்பா பதினைந்து சீர், நடந்துகொண்டே சொன்னாலும் ஒரே மூச்சுக்கு அடங்காது. உமறுப்புலவரின் சீறாப்புராணம் எனக்கு உயிர். ஆனால் அது விருத்தம், அதன் அடி நீண்டது, மெது ஓட்டத்திலேயே நடு அடியில் மூச்சு முட்டும். குறள் வெண்பாவின் நீளம்தான் ஓடுகிறவனின் மூச்சுக்குச் சரியாக உட்காருகிறது. நான்கும் மூன்றும் என்று அது தானே பிரிந்து நிற்பதால், நடு ஓட்டத்துக்கு மூச்சு வாங்கும் இடமும் கிடைத்துவிடுகிறது. எந்த அதிகாரத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நான் நாற்பத்தெட்டாவதான வலியறிதலை வைத்திருக்கிறேன். இதைக் கேட்டுச் சிரித்த உடற்கல்வி ஆசிரியர்கள் உண்டு. சிரிக்கட்டும். சுவீடனில் குன்னார் போர்க் என்ற உளவியலாளர், உழைப்பின் கடுமையை ஆளே தன் உணர்வைக் கொண்டு 6 முதல் 20 வரை மதிப்பெண் போட்டுச் சொல்லும் முறையை வகுத்தார். அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் வாலிபர்களின் இதயத்துடிப்புக்குக் கிட்டத்தட்ட வரும்படி அமைத்தார். ஆய்வுக்கூடங்களிலேயே அது இன்றும் புழங்குகிறது. உணர்வை நம்பி அளப்பது தாழ்வான வேலை அல்ல.

உன் கைக்கடிகாரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 220-லிருந்து வயதைக் கழித்தால் உன் உச்ச இதயத்துடிப்பு என்று அது சொல்கிறது, நீயும் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறாய். 1971-இல் ஃபாக்ஸ், ஹாஸ்கெல் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், பழைய ஆய்வுகளின் எண்களைப் பார்த்து உத்தேசமாக இழுத்த கோடு அது. ஒரு தனி ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாதாரணமாகவே தள்ளி நிற்கும். கடிகாரம் காட்டுகிற வேகமும் நம் ஊரில் ஏமாற்றும். ஆனி ஆடியில் முன்னீர்ப்பள்ளம் ரோட்டில் மேற்கே பார்த்து ஓடிப் பார், குற்றாலத்துச் சாரலைக் கொண்டுவருகிற அதே மேல்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். வேகம் விழும், உழைப்பு கூடும். திரும்பி வரும்போது நேர்மாறு. கடிகாரத்தைப் பார்த்து ஓடினால் போகும்போது சாவாய், வரும்போது சோம்புவாய். மெது ஓட்ட நாளில் அதைக் கழற்றி வீட்டில் வை.

இப்போது கடும் ஓட்டம். வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வாரத்தில் வெள்ளிக்கிழமை ஓய்வு. மீதி ஆறு நாளில் நான்கு நாள், முப்பதிலிருந்து நாற்பது நிமிடம் ஏழு சீர் ஓட்டம். ஒரு நாள் நடு ஓட்டம், பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டுப் பதினைந்து நிமிடம். ஒரு நாள் மட்டும் பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்துக்குப் போய் 400 மீட்டர் சுற்று ஆறு, ஒவ்வொன்றும் 110 வினாடி, நடுவில் இரண்டு நிமிடம் நடை. முதல் சுற்றும் ஆறாவது சுற்றும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். முடித்த பிறகு இன்னும் ஒன்று ஓடலாம் என்ற தெம்பு இருக்க வேண்டும். அந்த ஏழாவது சுற்றை ஓடாதே! அதை ஓடிக் காட்டுவதுதான் வீரம் என்று நினைக்கிற அண்ணன்மாரோடு அந்த நாளில் சேராதே. முழு 1500 மீட்டரை நேரம் பார்த்து ஓடுவது மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும்.

செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜாட்டோபெக் ஒரே நாளில் எத்தனையோ 400 மீட்டர் ஓடினாரே என்பாய். 1952 ஹெல்சிங்கியில் 5000, 10000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்றவர், உண்மைதான். அவர் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே மெதுவாக ஓடி மூச்சைத் திரட்டிக்கொண்டார், அந்த எண்ணிக்கைக்கு வர ஆண்டுக்கணக்கானது. பந்தயத்தில் அவர் முகம் கோணியதைப் பார்த்தவர்கள் அந்தக் கோணலைப் பயிற்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இனிச் சொல்வதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். 2024 ஆகஸ்டு கடைசியில் ஜார்க்கண்டில் கலால் துறைக் காவலர் தேர்வு நடந்தது. ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் மயங்கி விழுந்தவர்களில் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். எல்லாம் உன்னைப் போன்ற வாலிபப் பிள்ளைகள், வேலைக்காக ஓடியவர்கள். அரசு தேர்வைச் சில நாள் நிறுத்தி வைத்தது. உடம்பு நிறுத்தச் சொல்கிறபோது நிறுத்துவது கோழைத்தனம் அல்ல. வெயிலில் ஓடும்போது புல்லரித்தாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சில் வலித்தாலோ அந்த இடத்திலேயே நில், நிழலுக்குப் போ, தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றச் சொல், நெஞ்சு வலியென்றால் நேரே ஆஸ்பத்திரி. ஓட்டத்துக்குப் பின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தொடுகிறது என்று பொருள், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் அடிக்கும் நாளில் ஓடவே கூடாது, அது இதயத் தசையையே தாக்கலாம்.

ரமளானில் கடும் ஓட்டம் கிடையாது. நோன்பு திறப்பதற்கு முன் அரை மணி நேரம் ஏழு சீர் ஓட்டம், அவ்வளவே. உடம்பில் நீர் குறையும்போது ரத்தத்தின் அளவும் குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். நாக்கு அதை உடனே காட்டிக்கொடுக்கும், வழக்கமான வேகத்திலேயே நான்காம் சீரில் நிற்பாய். அப்படி நின்றால் நடந்து வீட்டுக்குப் போ.

முன்னெலும்பு வலியைச் சாதாரணமாக நினைக்காதே. நெஞ்சும் மூச்சும் சில வாரத்தில் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்காகும். மூச்சு "ஓடு" என்னும், எலும்பு இன்னும் தயாராகியிருக்காது. வலி நீளமாகப் பரவியிருந்தால் ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்தி, வலியில்லாமல் நடக்க முடிந்தால் நட. விரலால் அமுக்கினால் ஒரே புள்ளியில் சுள்ளென்றால் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் காட்டு. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், அதை வைத்து ஒன்றுமில்லை என்று திரும்ப ஓடப் போய்விடாதே.

தேர்வு நாளைப் பற்றி ஒன்று. 400 மீட்டர் தடத்தில் 1500 என்றால் முதலில் 300 மீட்டர், பிறகு மூன்று முழுச் சுற்று. 7 நிமிடத்துக்கு முதல் 300-ஐ 84 வினாடியிலும், ஒவ்வொரு சுற்றையும் 112 வினாடியிலும் முடித்தால் போதும். விசில் அடித்ததும் கூட்டம் முழுவதும் பாய்ந்து ஓடும், முதல் 300-ஐ ஒரு நிமிடத்தில் கடக்கும். நீ பின்னால் இரு. உன் 300-ஐ 82-இல் முடி, இரண்டு சுற்றை 110-110 என்று ஓடு. இரண்டாம் சுற்றில் அவர்களில் பாதிப் பேர் நடக்கத் தொடங்கியிருப்பார்கள். கடைசிச் சுற்றில் மணியடித்த பிறகும் அதே வேகத்தில் ஓடி, கடைசி 200 மீட்டரில் உன்னிடம் என்ன இருக்கிறதோ அதையெல்லாம் கொடு.

செவ்வாய்க்கிழமை காலையில் சந்தைக்கு வருகிற ஆட்டு வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொள்ளும், அன்றைக்குக் கால்வாய்க்கரைப் பக்கம் போ. முதல் இரண்டு வாரம் உன்னை நடக்கிறவர்கள்கூட முந்துவதுபோல் இருக்கும், அண்ணன்மார் கிண்டல் செய்வார்கள். மூன்றாவது வாரம் முடிந்ததும் 1500-ஐ ஓடி நேரத்தை எனக்கு எழுது, எலும்பு வலி எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து. வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் ஸலாம்.

உன் மாமா