கச்சான் காற்றில் ட்ரோன்

அன்புள்ள மருமகன்,

கல்லடிக் கடற்கரையில் நின்று ட்ரோனைக் கடலுக்கு மேலே விட்டுப் படமெடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். படம் அழகாகத்தான் வரும். ஆனால் இது ஆடி மாதம், கச்சான் வீசுகிற காலம். அந்தக் காற்றை விளங்கிக்கொண்ட பிறகு ஏற்று.

கச்சான் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கமிருந்து வருகிறது. வயலையும் வாவியையும் கடந்து, கிழக்கே நீ நிற்கிற எழுவான்கரைக்கு வந்து, அப்படியே கடலுக்குள் இறங்கிவிடும். கடற்கரையில் நிற்கிற உனக்கு முதுகுப் பக்கம் வீடுகளும் தென்னைகளும் மறைப்பாக இருக்கின்றன. அதனால் காற்றே இல்லாத மாதிரித் தெரியும். ட்ரோன் தென்னை வட்டுக்கு மேலே ஏறியதும் முழுக் காற்றும் அதில் அடிக்கும். அது தள்ளுகிற திசை நடுக்கடல்.

இதில் பெரிய ஆபத்து, ட்ரோன் படுகிற பாடு உன் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான். காற்று தள்ளும்போது ட்ரோன் காற்று வருகிற பக்கமாகச் சாய்ந்துகொள்கிறது. அப்போது நான்கு விசிறிகளின் விசையில் ஒரு பகுதி அதைத் தூக்கி வைத்திருக்கிறது, மறு பகுதி காற்றை எதிர்த்துத் தள்ளுகிறது. உடல் சாய்ந்திருந்தாலும் கெமராவைத் தாங்குகிற கிம்பல் அதை மட்டமாகவே பிடித்துக்கொள்ளும். போன் திரையில் படம் ஆடாமல் அசையாமல் நிற்கும். செக்கனுக்கு 8 மீற்றர் காற்றில் ஒரே இடத்தில் நிற்கிற ட்ரோன், காற்றில்லாத நாளில் செக்கனுக்கு 8 மீற்றர் வேகத்தில் பறக்கிற ட்ரோனுக்குச் சமம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். பற்றரி அதற்கேற்பக் கரையும். பெட்டியில் எழுதியிருக்கிற 31 நிமிடம் காற்றே இல்லாத நிலையில் அளந்த கணக்கு.

உன்னுடைய டிஜேஐ மினி 2, 250 கிராமுக்கும் குறைந்தது. செக்கனுக்கு 10.5 மீற்றர் வரையான காற்றைத் தாங்கும் என்கிறது அதன் கைநூல். சாதாரண முறையில் அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 10 மீற்றர். இப்போது கணக்குப் பார். கச்சான் செக்கனுக்கு 6 மீற்றரில் வீசுகிறது என்று வை. கடலை நோக்கிப் போகும்போது இரண்டும் சேர்ந்து 16. ஒரு கிலோமீற்றரை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தாண்டிவிடும். திரும்பும்போது மிஞ்சுவது 4. அதே தூரத்துக்கு நான்கு நிமிடத்துக்கும் மேல். காற்று 10 ஆனால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ட்ரோன் முழு வேகத்தில் பறந்துகொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும்.

வானிலை அறிக்கை காற்றை மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று சொல்லும். அதை 3.6 ஆல் வகுத்தால் கைநூலின் கணக்கு வரும். மணிக்கு 36 என்றால் செக்கனுக்கு 10. ஆனால் அதைவிட நம்பத்தக்க அளவுகோல் வாவிதான். போஃபோர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1805இல் வகுக்கத் தொடங்கிய காற்று அளவீட்டில் ஐந்தாம் நிலை செக்கனுக்கு 8 முதல் 10.7 மீற்றர் வரை. அந்த நிலையில் இலையடர்ந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கும், உள்நாட்டு நீர்நிலைகளில் நுரைமுடி வைத்த சிற்றலைகள் எழும். உன் ட்ரோனின் எல்லையும் அந்த ஐந்தாம் நிலைதான். எனவே கல்லடிப் பாலத்தில் நின்று பார். வாவியில் வெள்ளை நுரை தெரிந்தால் பெட்டியைத் திறக்காதே. வீச்சுவலை போடுகிற ஒருவரிடம் காற்று கூடுமா என்று கேள். அந்த ஆளுக்குத் தெரிந்த அளவு உன் போனுக்குத் தெரியாது.

அப்படியும் காற்றில் மாட்டிக்கொண்டால், தானாக வீடு திரும்பும் பொத்தானை மட்டும் நம்பி நிற்காதே. தாழ்வாகப் பறக்கிற ட்ரோன் அந்தக் கட்டளை வந்ததும் நீ குறித்துவைத்த உயரத்துக்கு முதலில் ஏறும். மேலே போகப் போகக் காற்று பெரும்பாலும் பலக்கும். நீயே கையில் எடுத்து உயரத்தைக் குறை, ஸ்போர்ட் முறைக்கு மாற்று. அதில் செக்கனுக்கு 16 மீற்றர் கிடைக்கும். ஆனால் நீரை ஒட்டி இறக்காதே. கீழே பார்க்கிற சென்சர்கள் அசைகிற அலையில் தடுமாறும்.

எல்லாவற்றையும்விட நல்ல வழி கரையை மாற்றுவது. கடற்கரையை விட்டு, எழுவான்கரையின் வாவியோரத்தில் நின்று மேற்கு நோக்கி ஏற்று. போகும்போது கச்சானை எதிர்த்துப் போகும். பற்றரி நிறைந்திருக்கும்போதே கடினமான பாதி முடிந்துவிடும். திரும்புகையில் அதே காற்று உன்னிடம் கொண்டுவந்து சேர்க்கும். அந்தப் பக்கம் விமான நிலையம் இருக்கிறது. ஆகவே சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடம் பதிவும் அனுமதியும் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விசிறியைச் சுழற்றாதே.

கடற்கரைப் படம் பங்குனி வரை காத்திருக்கட்டும். அப்போது காற்று தணிந்திருக்கும். விடியற்காலையில் போய் ஏற்று, படத்தை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
மாமா