பதறாத காரியம் சிதறாது

முன்பெல்லாம் தந்திக்காரரின் மிதிவண்டி தெருமுனையில் திரும்பினாலே வீட்டில் அழுகுரல் எழும் என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள். பிரித்துப் படிக்குமுன்பே நெஞ்சு பதறிவிடுமாம். தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றுவிட்டது. பதற்றம் மட்டும் நிற்கவில்லை. இன்று அது கைபேசியில் வருகிறது. தந்தியைக் கொண்டு வந்தவர் நாம் அறிந்த மனிதர். கைபேசியில் பேசுபவர் யாரென்றே நமக்குத் தெரியாது.

கெங்கவல்லியில் எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். ஒருநாள் மாலை அவள் அம்மாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. "நாங்கள் போலீஸ். கோவையில் படிக்கும் உங்கள் மகன் போதைப்பொருள் வழக்கில் சிக்கியிருக்கிறான். நாற்பதாயிரம் ரூபாய் அனுப்பினால் விட்டுவிடுவோம். போனை வைக்காதீர்கள். எவரிடமும் சொல்லாதீர்கள்" என்றது அந்தக் குரல். பின்னால் ஒரு பையன் அழும் சத்தமும் கேட்டது. அம்மா காதுத்தோட்டைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குக் கிளம்பிவிட்டார். தோழியோ பக்கத்து வீட்டுக்கு ஓடி, அங்கிருந்து அண்ணனை அழைத்தாள். அவன் விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்! மகனின் குரலைக் கேட்ட பிறகுதான் அம்மா வாய்விட்டு அழுதார்.

இந்த நிகழ்ச்சியை எங்கள் குடிமையியல் பாடத்தோடு சேர்த்துப் பார்த்தோம். கைது செய்தால் அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்திற்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது நம் அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, கைதானவரின் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும் என்கிறது. ஆகவே, சட்டம் "வீட்டாருக்குச் சொல்" என்கிறது. மோசக்காரனோ "எவருக்கும் சொல்லாதே" என்கிறான். இருவரையும் பிரித்தறிய இது ஒன்றே போதும். காணொளியில் கைது செய்யும் "டிஜிட்டல் கைது" என்பது நம் சட்டத்தில் இல்லவே இல்லை.

படிக்காதவர்கள்தாம் ஏமாறுவார்கள் என்று எண்ண வேண்டாம். 2024 ஆகஸ்டில், லூதியானாவின் வர்த்தமான் குழுமத் தலைவர், 82 வயதான எஸ்.பி. ஓஸ்வாலிடம் போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே காணொளியில் நடத்திக் காட்டி, 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். அவர் வெட்கப்பட்டு மறைக்காமல் புகார் கொடுத்தார். 5 கோடியே 25 லட்சம் ரூபாய் மீட்கப்பட்டது. 2025 டிசம்பர் 1 அன்று, இத்தகைய வழக்குகளை மத்தியப் புலனாய்வுத் துறை விசாரிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன?

1. முதலில் போனை வைத்துவிட வேண்டும். அது மரியாதைக் குறைவு ஆகாது.
2. அருகில் உள்ள ஒருவரிடம் உடனே சொல்ல வேண்டும்.
3. யாரைப் பற்றிச் செய்தி வந்ததோ, அவரை நாம் முன்பே அறிந்த எண்ணில் அழைக்க வேண்டும்.
4. ரகசியக் குறியீட்டு எண்ணையோ பணத்தையோ தரலாகாது.
5. பணம் போய்விட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். விரைந்து சொன்னால் வங்கியில் பணத்தை முடக்க வழியுண்டு.

எங்கள் வயதுப் பெண்களுக்கு வேறொரு மிரட்டலும் வருகிறது. "உன் படத்தை மாற்றி எல்லாருக்கும் அனுப்புவேன்" என்பார்கள். தோழியரே, அதில் குற்றவாளி அவன், நாம் அல்ல. அம்மாவிடமோ ஆசிரியையிடமோ அருட்சகோதரியிடமோ அன்றே சொல்லிவிடுவோம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் இருக்கிறது. பெற்றோரே, உங்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாங்கள் நடுங்கிக்கொண்டு வந்து சொல்லும்போது, "போனை ஏன் எடுத்தாய்?" என்று முதலில் கடிந்துகொள்ளாதீர்கள். அந்தச் சொல்லுக்கு அஞ்சித்தான் பலர் வாய் திறப்பதில்லை.

மோசக்காரனுக்கு வேண்டியது தனியாக நடுங்கும் ஒருவர். நாம் தனியாக இராவிட்டால் அவன் தோற்றான்.

பத்தாம் வகுப்பு மாணவி