பழைய கை கிரைண்டரை வீட்டில் ஓட்டிப் பார்க்க: முழுமையான வழிகாட்டி

ரப்பர் தோட்ட ஸ்டோரில் பால்கட்டியை நசுக்கித் தகடாக்கும் உருளை மெஷின் அருகே வேலை செய்தவர்களுக்கு ஒரே பயம்தான்: கையை உள்ளே இழுத்துவிடும். ஈப்போ மெமரி லேன் ஞாயிற்றுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் நாலு அங்குல கிரைண்டர் இழுக்காது, எறியும். நிமிடத்துக்கு 11,000 சுற்றில் வட்டின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி ஓடுகிறது. வாங்கி வந்ததும் பிளக்கில் செருகிப் பார்க்கத்தான் கை துடிக்கும். பொறுங்கள்.

எந்த மோட்டார் இது?

நம் வீட்டுக் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அதில் நேரடியாக ஓடும் தண்ணீர் பம்ப் மோட்டார் 3,000 சுற்றை எட்டவே எட்டாது. கிரைண்டர், மிக்சி, வேக்குவம் மூன்றிலும் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார். அதற்கு இந்த வரம்பு கிடையாது. சுமை இல்லாவிட்டால் வேகம் ஏறிக்கொண்டே போகும். பல்சக்கரமும் விசிறியும்தான் அதற்குக் கடிவாளம். ஆகவே மோட்டாரை மட்டும் தனியே பிரித்தெடுத்து 240 வோல்ட் கொடுக்கவே கூடாது.

முதலில் வீட்டைப் பாருங்கள்

மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்க மெயின் பெட்டியில் இருக்கும் ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பேராக்கில் மாலை இடிமழைக்கு அது அடிக்கடி விழுவதால் எரிச்சல்பட்டு 100 மில்லிஆம்பியருக்கு மாற்றிக்கொண்ட வீடுகள் உண்டு. அது ஆளைக் காப்பாற்றாது. கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லிஆம்பியர் என்பதுதான் 1994 மின்சார ஒழுங்குவிதிகளின் கணக்கு. பழைய லயத்து வீடாக இருந்தால் லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

செருகாமல் செய்யும் சோதனை

வட்டைக் கழற்றுங்கள். தண்டைக் கையால் சுற்றிப் பாருங்கள்: கரகரவென்றால் பேரிங் போய்விட்டது. கார்பனை வெளியே எடுங்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் திரும்பப் பொருத்துங்கள். வயர் கைப்பிடிக்குள் நுழையும் இடத்தில் விரிசல் அதிகம் வரும். அங்கே வளைத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு மல்டிமீட்டர். கிரைண்டர் சுவிட்சைப் போட்டுவிட்டு, லைன், நியூட்ரல் பின்களுக்கு இடையே பார்த்தால் சில ஓம் காட்டும். அந்த இரு பின்களுக்கும் உலோகத் தலைக்கும் இடையே எதுவும் காட்டக்கூடாது. மின்காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகர் கிடைத்தால் அதுவே சரியான சோதனை. ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த மெஷின் வேண்டாம்.

விளக்கோடு முதல் ஓட்டம்

500 வாட் ஹாலஜன் விளக்கு ஒன்றை லைன் வயரில் மோட்டாருடன் தொடராக இணைக்க வேண்டும். எல்இடி இதற்கு உதவாது. இணைப்புகள் எல்லாம் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும். வயரிங் பழக்கமில்லாதவர்கள் இதை வயர்மேனிடமே செய்து வாங்கலாம். பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 5 ஆம்பியர் போடுங்கள்.

கிரைண்டரை மேசையில் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, கிரைண்டர் சுவிட்ச் போட்டபடியே இருக்க, கண்ணாடி மாட்டி, தள்ளி நின்று, சுவர் சுவிட்சைப் போடுங்கள். மோட்டார் நன்றாக இருந்தால் விளக்கு பளிச்சென்று எரிந்து, வேகம் கூடக் கூட மங்கும். எரியவே இல்லையா? கார்பன், சுவிட்ச், வயர் மூன்றில் ஒன்றில் அறுந்திருக்கிறது. முழு வெளிச்சத்தோடு எரிந்து தண்டு அசையாமல் நின்றால் ஷார்ட், அல்லது உள்ளே இறுகிப்போயிருக்கிறது. உடனே அணையுங்கள். இந்த ஒரு நொடி மங்கலைப் பார்க்கத்தான் இத்தனை பாடு. விளக்கு இல்லாமல் நேரே கொடுத்திருந்தால் அதே கோளாறு புகையாக வெளியே வரும்.

முழுக் கரண்டில்

விளக்கை நீக்கிவிட்டு, வட்டு போடாமல் அரை நிமிடம் ஓட்டுங்கள். கார்பனடியில் சிறு நீலப் பொறி சகஜம். கம்யூட்டேட்டரைச் சுற்றி நெருப்பு வளையம் போட்டால் ஆர்மேச்சர் பழுது. அதற்கு வைண்டிங் செய்யும் கூலியில் புது கிரைண்டரே வந்துவிடும்.

கடைசியில்தான் வட்டு

கவசம் இல்லாத கிரைண்டரில் வட்டு மாட்டாதீர்கள். நாலு அங்குல வட்டில் பொதுவாக 15,300 சுற்று, வினாடிக்கு 80 மீட்டர் என்று அச்சிட்டிருக்கும். மெஷினின் வேகம் அதற்குக் கீழே இருக்க வேண்டும். நடு இரும்பு வளையத்தில் காலாவதித் தேதியும் இருக்கும். அதைப் பார்க்காமலே மாட்டுகிறவர்கள்தான் அதிகம். புது வட்டைப் போட்டு ஒரு நிமிடம் சும்மா ஓட்டுங்கள், வட்டின் நேர்க்கோட்டில் மட்டும் நிற்காதீர்கள். பிள்ளைகளும் அந்தப் பக்கம் வரக்கூடாது. அணைத்த பிறகும் வட்டு சில நொடி சுற்றும். முழுதாக நின்ற பிறகே கிளாம்பைத் தளர்த்துங்கள்.